ஏழாவது பாட்டு

மார்ச் 4

அன்புள்ள குருவிக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலமென்று நம்புகிறேன். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், கடிதத்தையாவது பிரிப்பாய் அல்லவா?

ஆல்பம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. நம் வீட்டு ஸ்டுடியோவில் பழைய வழக்கம்தான். காலையில் கதவைச் சாத்தியதும் எல்லா மைக்கும் ஓடத் தொடங்கும், பூட்டும்வரை நிற்காது. மைக்கில் விழுந்ததையெல்லாம் கேட்டு, அதிலிருந்து பாட்டை வெட்டி எடுக்கிறோம். மூன்றாவது பாட்டில் டிரம்ஸோடு உன் அண்ணனின் தும்மலும் இருக்கிறது. மச்சான் தும்மினால்கூடத் தாளம் தப்பாது.

ஏழாவது பாட்டு, நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று விழுந்தது. நீ அழுதுகொண்டே பேசியதைச் சுற்றி கிடார் வாசித்திருக்கிறேன். கேட்டவர்கள் மறுபடியும் போடச் சொல்கிறார்கள். நீ சரி என்றால்தான் வெளியிடுவேன். பெண்டாட்டியிடம் அனுமதி கேட்டு நிற்கிற கிடார்க்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரில் வந்து கேளேன். நீ இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

உன்,
கிடார்க்காரன்


மார்ச் 15

அன்புள்ள கிடார்க்காரனுக்கு,

அக்கா நலம். எனக்கு இப்போது தூக்கம் வருகிறது, அதுவே பெரிது.

ஏழாவது பாட்டை அழித்துவிடு. அன்று நான் பாடவில்லை. உன்னிடம் பேசினேன்.

குருவி


மார்ச் 22

அன்புள்ள குருவிக்கு,

உன் கோபம் நியாயம்தான். உன் குரலை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தோம். பல் போன வாய் மாதிரி இருக்கிறது பாட்டு. குரலைத் திரும்பச் சேர்த்ததும், "அவ அழறதை வச்சு நான் எப்படி மாப்ள வாசிக்கிறது" என்று கேட்டுவிட்டு, மச்சான் குச்சிகளைக் கீழே வைத்து வெளியே போய்விட்டான்.

தினமும் அதைத்தான் கேட்கிறேன். எனக்கு மிச்சமிருக்கிற நீ அதில்தான் இருக்கிறாய். இரண்டாம் முறை 'போறேன்' என்கிறாயே, அங்கே குரல் உடைகிற மாதிரி இத்தனை வருஷத்தில் நீ பாடியதே இல்லை. அழிக்க மட்டும் சொல்லாதே.

உன்,
கிடார்க்காரன்


ஏப்ரல் 2

அன்புள்ள கிடார்க்காரனுக்கு,

அண்ணன் வந்திருந்தான். பாட்டைப் போடச் சொல்லி முழுக்கக் கேட்டேன். நன்றாக இருக்கிறது. அதுதான் கொடுமை.

நீ தடுப்பாய் என்றுதான் அன்று பெட்டியோடு ஸ்டுடியோ கதவருகே அவ்வளவு நேரம் நின்றேன். 'இரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். இனி நீ சொன்னாலும் எனக்கு வரத் தோன்றாது.

அழிக்க வேண்டாம், வெளியிடு. ஆனால் நான் இரண்டு முறை 'போறேன்' என்பதற்கு நடுவே கொஞ்சம் வெட்டியிருக்கிறாய். அங்கே உன் குரல் இருந்தது. அதைத் திரும்பச் சேர்த்துவிடு. உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

"சரியா விழல. மைக் பக்கத்துல வந்து இன்னொரு தடவ சொல்லு."

நானும் பக்கத்தில் வந்து சொன்னேன். அப்புறம்தான் போனேன்.

குருவி