பச்சை வட்டத்தை அழித்துத் தரும்படி

அனுப்புநர்:
கொத்தனார்,
கதவு எண் 14, கடற்கரைக் குறுக்குத் தெரு.
(பச்சை வட்ட வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.)

பெறுநர்:
பேரிடர் தடுப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: புயல் தாங்கும் வீடு என்று எங்கள் வீட்டுச் சுவரில் தங்கள் அலுவலகம் இட்ட அடையாளத்தை இன்றே அழிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு கோடையில் தங்கள் கணக்கெடுப்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். தகர வீடுகளையும் ஓட்டு வீடுகளையும் குறித்துக்கொண்டே வந்தவர், என் வீட்டு முன்சுவரை விரல் முட்டியால் மூன்று முறை தட்டி, யார் கட்டியது என்று கேட்டார். நானேதான் என்றேன். அவர் உள்ளே வரவில்லை, நானும் அழைக்கவில்லை. வாசலோரம் பச்சை பெயின்டால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். புயல் வந்தால் தெருவார் இங்கே வந்து தங்கலாம் என்பது அதன் பொருள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வட்டத்தைப் பார்த்தே என்னிடம் வேலை கொடுத்தவர்கள் உண்டு.

2. இனி எழுதப்போவது என் மச்சானைத் தவிர யாருக்கும் தெரியாதது. பின்னறைக்குக் கூரைத் தளம் போட்ட அன்று கம்பி போதவில்லை. கலவை இயந்திரம் வந்து நிற்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அரை அடிக்கு ஒன்றாக வைக்க வேண்டிய கம்பியை ஓரடிக்கு ஒன்றாகப் பரப்பி, மேலே கான்கிரீட்டைக் கொட்டச் சொன்னேன். அடுத்தவர் வீட்டில் ஒருநாளும் செய்யாத காரியம். என் வீடுதானே, நாலு பேர்தானே இருக்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

3. போன மாதப் புயலுக்கு அந்த வீட்டில் இருபத்தாறு பேர் இருந்தோம். முதல் நாளே ஜன்னல்களுக்குப் பலகை அடித்தேன். மனைவி எல்லோருடைய பத்திரங்களையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி அலமாரி மேல்தட்டில் வைத்தாள். காற்று தூக்கிவிடக் கூடாதென்று மாடித் தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். எல்லோரும் செய்வதுதான். காலை பத்து மணிக்குக் காற்று கதவை உலுக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது: ஆயிரம் லிட்டர், ஒரு டன் எடை, பின்னறைத் தளத்தின் மேல், என் கையாலேயே ஏற்றி வைத்திருக்கிறேன்.

4. அந்த அறையில் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் தகப்பனார் கட்டிலில் படுத்திருந்தார். இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். அந்தக் காலத்தில் தளங்களுக்குப் பலகை அடித்த தச்சர். அவருக்கு நேர் மேலே, கூரையில் நூல் போல ஒரு விரிசலைக் கண்டேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, கம்பி எத்தனைக்கு ஒண்ணு போட்டீங்க?" என்று கேட்டார். "அரை அடிக்கு ஒண்ணுய்யா" என்றேன். அவர் மறுபடி விரிசலையே பார்த்தார்.

5. அங்கே ஒழுகும் என்று பொய் சொல்லி, முன்னறையில் இருந்தவர்களை எழுந்து நிற்க வைத்து, கட்டிலை அங்கே போட்டேன். பின்னறை வாசலில் நானே உட்கார்ந்துகொண்டேன். உட்கார முடிந்தால்தானே! எழுந்தேன், பார்த்தேன், உட்கார்ந்தேன். "அண்ணாந்து அண்ணாந்து பாத்துக் கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்று மனைவி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். குளியலறைக் குழாயைத் திறந்து தொட்டியைக் காலி செய்தேன். இத்தனை பேர் குடிக்கிற தண்ணீரை ஏன் வீணாக்குகிறீர்கள் என்று அவளிடம் திட்டு வாங்கினேன். மதியம் இரண்டு மணிக்குத் தொட்டி பறந்தது. அந்தச் சத்தத்தில் வீடே அலறியது. நான் ஒருவன்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

6. மாலையில் காற்று ஓய்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தையல்காரம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது ஐயா. விரிசல் அப்போது தீக்குச்சி அகலம் ஆகியிருந்தது.

7. மறுநாள் விடியற்காலையில் கொத்துக்கரண்டியால் வட்டத்தைச் சுரண்டி எடுத்தேன். புயல் மழையில் அழிந்துவிட்டது என்று நினைத்து, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தெருவார் முன்னைவிடப் பெரிதாக ஒன்று வரைந்து வைத்துவிட்டார்கள். இந்த வீட்டை நம்பாதீர்கள் என்று மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணனுக்கு ரொம்பத்தான் அடக்கம்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கம்பி விஷயத்தை நான் சொல்லவில்லை. அடுத்த வேலை கிடைக்காதே என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

8. இன்று காலை துறைமுகத்தில் மறுபடி புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். மதியத்துக்கு முன்பே மூட்டைகள் வரத் தொடங்கிவிட்டன. முதலில் வந்தது பெரியவரின் கட்டில். முன்னறையில் போடப் போனேன். மகள் காதில் விழாதபடி என்னை அருகில் அழைத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு அந்த விரிசலுக்குக் கீழேயே இடம் போடு தம்பி. நான் கிடந்தா வேற யாரும் அங்க படுக்க மாட்டாங்க. சின்னப் பிள்ளைங்க நிறைய வருதுங்க." அவர் சொன்ன இடத்திலேயே கட்டிலைப் போட்டேன்.

9. அதைக் கேட்ட பிறகும் வாசலில் நின்றவர்களிடம் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். இந்த மனுவை எழுதுவது தங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான்.

10. ஆகவே, தாங்கள் இன்றே ஒரு பொறியாளரை அனுப்பிப் பின்னறைத் தளத்தைப் பார்வையிடச் செய்ய வேண்டும். வட்டத்தைத் தங்கள் ஆட்களே அழிக்க வேண்டும். நான் அழித்தால் தெரு நம்பாது. எங்கள் தெருவாருக்குப் பள்ளிக்கூட மாடியைத் திறந்துவிட வேண்டும். பெரியவரைத் தூக்கிச் செல்ல ஒரு வண்டி வேண்டும். காரணம் கேட்பார்கள். இரண்டாம் பத்தியை ஒலிபெருக்கி வண்டியில் முழுதாகப் படித்துக் காட்டலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. படிக்கும்போது நானும் அந்த வண்டியின் பக்கத்தில் நிற்கிறேன்.

பதில் கடிதம் வேண்டாம் ஐயா, ஆள் வந்தால் போதும். அழைத்துப் போக வெளியே காத்திருக்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: வியாழன், பகல் ஒன்றரை மணி

இப்படிக்கு,
மேற்படி வீட்டைக் கட்டிய கொத்தனார்
(கையொப்பம்)

இணைப்பு: விரிசலிலிருந்து இன்று காலை கட்டிலின் மேல் உதிர்ந்த பூச்சுத் துண்டு ஒன்று, தாளில் மடித்தது.