தில்லையம்மாவின் நான்காவது பிள்ளை

4 ஒக்டோபர் 2024, வெள்ளி
மழை. பெரிய மெசின் காலையிலேயே தாளை இழுத்துச் சிக்கவைத்துவிட்டது. கோயில் திருவிழா நோட்டீசுக்கு யோகநாதன் அண்ணை வந்தார். ‘உள்ளதை உள்ளபடி அச்சிடுவோம்’ என்று என் அச்சுக்கடைச் சுவரில் நான் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். “கோசலை, உமக்கு அரிச்சந்திரன் சொந்தமோ?” அவர் கோயில் சபைத் தலைவர். எனக்கு வரும் வேலையில் பாதி அவர் மூலம்தான். நானும் சிரித்தேன்.

8 ஒக்டோபர், செவ்வாய்
அண்ணையின் தாய் தில்லையம்மா நேற்று இறந்துவிட்டார். மரண அறிவித்தலுக்கு அண்ணை பெயர்களை எழுதிக்கொண்டு வந்தார். யோகநாதன், சிவநாதன், றஜனி ஆகியோரின் பாசமிகு தாயார். மூன்று பேர்.

“தயாளினியின்ரை பேர் விடுபட்டுப் போச்சு அண்ணை.”

“விடுபடேல்லை. தந்ததை அடியும்.”

நான்காவது பிள்ளை தயாளினி றெமிஜியசைக் கட்டி இருபது வருடம். அவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்; சாதியும் வேறு. ஆனால் தில்லையம்மா கடைசி ஆறு வருடமும் படுக்கையில் கிடந்தது ஆர்ஜொந்தெயில், அவள் வீட்டில்தான். எங்கள் கடைத்தெரு லா சப்பலில் இது யாருக்குத் தெரியாது?

அடித்துக் கொடுத்தேன்.

9 ஒக்டோபர், புதன்
மெத்ரோ வாசலிலிருந்து கடைசி நகைக்கடை வரை எல்லாக் கண்ணாடியிலும் நான் அடித்த நோட்டீஸ். என் கடையிலும்தான். ஏன் அடித்தேன்? பயம். வேறென்ன.

12 ஒக்டோபர், சனி
இறுதிக்கிரியை. தயாளினியும் றெமிஜியசும் கடைசி வரிசையில். எல்லோரும் பூப்போட்டு முடிந்த பிறகுதான் அவள் எழுந்தாள். என்னைக் கண்டு தலையசைத்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

14 ஒக்டோபர், திங்கள்
தயாளினி கடைக்கு வந்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம்.

“அக்கா, என்ரை பேரும் போட்டு ஒண்டு அடிச்சுத் தருவியளோ? வீட்டிலை வைக்க. ஒண்டு காணும்.”

“றெமிஜியசின்ரை பேர்?”

“போடுங்கோ. அம்மாவை ஒவ்வொரு நாளும் தூக்கிக் குளிக்க வார்த்தது அவர்தான்.”

இரண்டு அடித்தேன். ஒன்று அவளுக்கு. மற்றதை, என் கண்ணாடியில் இருந்ததைக் கிழித்துவிட்டு ஒட்டினேன். ஆறு நாள் பிந்திய துணிச்சல்.

16 ஒக்டோபர், புதன்
யோகநாதன் அண்ணை உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார். “அதைக் கழட்டும்.”

“இல்லை அண்ணை.”

“இது எங்கடை குடும்ப விசயம்.”

“ஓம். ஆனா பொய்யை அடிச்சது என்ரை மெசின்.”

போய்விட்டார். திருவிழா நோட்டீசும் போய்விட்டது. வீட்டில் என் மனுசன் சாப்பிடும்போது கேட்கிறார்: “நீர் கடை நடத்துறீரோ, வழக்குத் தீர்க்கிற கோடு நடத்துறீரோ?” என் தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

23 ஒக்டோபர், புதன்
ஒருவரும் வரவில்லை.

26 ஒக்டோபர், சனி
மண்டபத்தில் செய்யும் முப்பத்தோராம் நாள் கிரியைக்கான அழைப்பை ஒபர்வில்லியேயில் வேறொரு அச்சுக்கடையில் அடித்து எதிர்க் கடையில் ஒட்டியிருக்கிறார்கள். திரும்பவும் மூன்று பேர். நான் ஒட்டினதாலை என்ன மாறினது? ஒண்டுமில்லை. அவளை இன்னும் கூடத்தான் ஒதுக்கி வைச்சிருக்கினம்.

2 நவம்பர், சனி
தயாளினி வந்தாள். மண்டபத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லையாம். முப்பத்தோராம் நாள், வருகிற புதன்கிழமை, தன் வீட்டிலேயே படைக்கிறாள். அழைப்புக்குப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் பெயர் யோகநாதன். பிறகு சிவநாதன், றஜனி. கடைசியில் அவள்.

“இவையளின்ரை பேரை ஏன் போடுறீர்?” கேட்டுவிட்டேன்.

“அம்மாவுக்கு நாலு பிள்ளையள்தானே அக்கா.”

மெசின் பக்கம் திரும்பி நின்று அழுதேன். பிறகு, எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.

“அஞ்சு காணும். வேறை ஆர் வரப்போயினம்?”

ஆறு அடித்தேன். ஆறாவதை என் கைப்பைக்குள் வைத்தேன். புதன்கிழமை கடை பூட்டு.