பேயாண்டித் தீவு

மதுரை, வண்டியூர்.

அன்புள்ள ஹெப்சிபா அக்காவுக்கு, உன் தம்பி பெர்சி மிகுந்த பணிவுடன் (நம்பாதே) எழுதுவது.

இதனால் நார்வே நாட்டுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில், நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் புது மூடி வந்துவிட்டது. செய்தி தெப்பக்குளம் வரைக்கும் பரவி, ஊரே ஆனந்தக் கண்ணீரில் இருக்கிறது. இதைப் போனில் அனுப்பாமல் எப்போதும்போல் தாளில் எழுதக் காரணம் அம்மாதான். என் போனை வரி விடாமல் படிக்கிறாள்.

அடுத்தது, பள்ளிக்கூடக் கண்காட்சியில் உன் தம்பிக்கு முதல் பரிசு! நீ இருக்கிற வடகோடிக் கரையை ஐரோப்பியர்கள் ஆதியில் வரைபடத்தில் எப்படி வரைந்தார்கள் என்பதுதான் என் தலைப்பு. சார்ட்டில் வரைந்து, டீ டிகாஷனில் நனைத்துக் காயப்போட்டேன். நானூறு வருஷப் பழசு ரெடி.

அந்த ஆட்கள் என்னைவிடக் கில்லாடிகள், அக்கா. யாரும் எட்டிப் பார்க்காத துருவத்தில் நடுவே ஒரு கறுப்புப் பாறை, சுற்றி நாலு தீவு என்று கூசாமல் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கேள்விப்பட்டுப் போட்ட தீவை அடுத்தவர் பார்த்துப் போட, இல்லாத தீவு நூறு வருஷம் கடலில் கிடந்திருக்கிறது. ஒரு டச்சு மாலுமியின் படத்தில் மட்டும் கரை பாதியில் நிற்கிறது. அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை, வரையவில்லை.

அந்த வெற்றிடத்தைச் சும்மா விட எனக்குத்தான் கை வரவில்லை. பேயாண்டித் தீவு என்று ஒன்றைப் போட்டேன். பக்கத்தில் நின்ற என் கூட்டாளி பேயாண்டி, "என் பேருல தீவா? அப்படியே பட்டாவும் போட்டுக் குடு மாப்ள" என்றான். பதினோரு பேர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

நீ துருவத்துப் பக்கம் இருப்பதால்தானோ என்னவோ, ஒன்றையே துருவித் துருவிக் கேட்கிறாய். அப்பா நிஜமாகவே வரச் சொன்னாரா, சொன்னால் கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போடுகிறேன் என்று.

அக்கா, அதுவும் பேயாண்டித் தீவுதான். சாப்பிட்டாளா என்று அப்பா கேட்டதாக எழுதியது, வரச் சொன்னதாக எழுதியது, எல்லாம் நான் வரைந்தது. பாஸ்டரிடம் சொல்லி அப்பா வாங்கி வைத்திருந்த டீச்சர் வேலையை உதறிவிட்டு நீ பனியைப் படிக்கப் போன நாளிலிருந்து, அவர் வாயில் உன் பெயர் வரவில்லை. நீ அழக்கூடாதே என்று ஒன்றை எழுதினேன். அதைப் பார்த்து அடுத்ததை எழுதினேன்.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். கண்காட்சிக்கு அப்பா வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இதுல அவ எங்கடா?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்து, "இம்புட்டு மேலயா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சேர்க்கவில்லை.

இதை நம்பி டிக்கெட் போடு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போடாதே என்று எழுதவும் மனசு வரவில்லை. கர்த்தர் உன்னைக் குளிரிலிருந்தும் என்னிடமிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
பெர்சி

பி.கு.: முதல் பரிசும் இல்லை. ஆறுதல் பரிசுதான், ஒரு சோப்பு டப்பா. உனக்கென்று பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.