மாப்பிள்ளை கேட்ட பேச்சு

வைகாசி 9, வெள்ளி இரவு

காலையில் காரைக்குடிக் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் நன்றாகத்தான் பேசினேன். "சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். மண்ணுக்கும் மக்களுக்கும் பயன்படும் வேலையைத் தேடுங்கள். யோசித்துக்கொண்டே நிற்காதீர்கள், இறங்குங்கள்" என்றேன். ஒரே கைதட்டல். என் மகளுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளையும் இன்றுதான் பட்டம் வாங்கினார். மாமனார் பேச்சைக் கேட்கட்டும் என்று அவரை முன்வரிசையில் உட்கார வைத்ததே நான்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

"மாமா, பெங்களூரு வேலை வேணாம்னு சொல்லிட்டேன். இங்குட்டு ஊருணியெல்லாம் தூர்வாருறாகள்ல, அவுகளோட சேந்துட்டேன்."

வாய்க்குக் கொண்டுபோன பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"கொஞ்சம் யோசிச்சுச் செய்யலாமே மாப்பிள்ளை" என்றேன்.

"யோசிச்சுக்கிட்டே நிக்காதீகன்னு நீங்கதானே சொன்னீக!"

மகளுக்கு ஒரே சிரிப்பு. இப்போதுதான் அவரைப் பிடித்திருக்கிறதாம்.

சற்றுமுன் மனைவி வந்து கதவோரம் நின்றாள்.

"நாளைக்குத் தேவகோட்டை காலேஜுல பேசப் போறீகள்ல? நம்ம மகனும் அங்குட்டுத்தான் பட்டம் வாங்குறான். தொண்டை கட்டிக்கிருச்சுன்னு போன் போட்டுச் சொல்லிருங்க."

இப்போதே லேசாகக் கரகரக்கிறது.