கரிச்சானுக்கு வீரையன் போட்ட பட்டை

வானதி கண்ணு, கரிச்சான் ஓடிவிட்டது, கும்பகோணம் வரை போய் டிகிரி காபி குடித்துவிட்டு யாரும் தள்ளாமல், யாரும் கட்டி இழுக்காமல் தானாகவே வீடு திரும்பிவிட்டது!

இங்கே நான், அப்பா, இரண்டு மாடு, நம் பழைய கார் கரிச்சான் எல்லாரும் சுகம். கிளாஸ்கோவில் நீயும் உன் சளியும் எப்படி இருக்கிறீர்கள்? ஈரத்தலையோடு வெளியே போகாதே. நான் அனுப்பும் குரல் செய்திகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாய் என்று தெரிந்துபோயிற்று, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், இதை அப்படி ஓட்ட முடியாது பார். குறுவை அறுப்பு முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை, ஆனால் வானம் மூடிக்கொண்டே இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நம் முறை வருகிற வரைக்கும் மூட்டைகள் நனையாமல் இருக்கக் கொட்டகை வேண்டும், கொட்டகையில் கரிச்சான் நிற்கிறது, இதுதான் சண்டை. கூத்தாநல்லூர் கிடங்கிலிருந்து நான் அடம்பிடித்து வாங்கி வந்த நாளிலிருந்தே அதற்கும் உங்கப்பாவுக்கும் ஆகாது, உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் ஓடவில்லை என்றால் பழைய இரும்புக்காரனிடம் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தேன், பார்த்தால் ஆளை வரச்சொல்லி போனே பண்ணிவிட்டார்.

கரிச்சானுக்கு என்ன நோய் என்று கேள். இன்ஜினுக்குள் சுழல்கிற கிராங்க் ஷாஃப்டின் முன்மூக்கில் டாம்பர் என்று ஒரு வட்டு இருக்கும், அதன் மேலேயே ஃபேன் பெல்ட் ஓடுகிற புல்லியும் இருக்கும். உள்ளே ஒரு வளையம், வெளியே கனமாக இன்னொரு வளையம், நடுவில் ரப்பர். ஆறு சிலிண்டரும் மாறி மாறி வெடிக்கும்போது அந்த நீள ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு நடுங்கும், அந்த நடுக்கத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும். நம்முடையதில் ரப்பர் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்துவிட்டது. வெளி வளையம் தள்ளாடுகிறது, பெல்ட் கழன்று விழுகிறது, ஸ்டார்ட் பண்ணினால் கண்ணாடி எல்லாம் கடகடவென்று ஆடுகிறது. புதிதாக எங்கும் கிடைக்காது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கான என் இணையக் குழுவில் அர்ஜென்டினாக்காரர் ஒருவர்தான் சொன்னார், அதே கம்பெனி லாரி இன்ஜினின் டாம்பர் இதற்கும் பொருந்தும் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அந்த லாரி இன்ஜினை எனக்குத் தெரியும்! கீழ்வேளூர் வீரையன் பெரியப்பா மோட்டார் கொட்டகையில் வருஷக்கணக்காகத் தண்ணீர் இறைத்ததே, அதுதான். மின்மோட்டார் வந்ததிலிருந்து அதன் மேல் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். மறுநாளே பஸ் ஏறிப் போய்க் கழற்றி, அரிசிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னக்கா, அம்மிக்கல்லுக்கு டிக்கெட் எடுத்தியா என்றார்.

துளையின் அளவு ஒன்றுதான், வட்டு நழுவாமல் பிடிக்கிற சாவி உட்காரும் காடியும் ஒன்றுதான், ஆனால் பெல்ட் ஓடுகிற பள்ளம் மட்டும் கொஞ்சம் உள்வாங்கி இருந்தது, பெல்ட் கோணிக்கொண்டு ஓடும். ஆகவே லாரி இன்ஜினின் ஃபேன் புல்லியையும் வாங்கி வந்து சோடியாகவே மாட்டினேன், நேராகிவிட்டது. டாம்பரை உள்ளே ஏற்ற அப்பா பெரிய சுத்தியலோடு வந்தார். அடித்தால் ரப்பர் போய்விடும் என்று குறுக்கே விழுந்து தடுத்தேன், இவளுக்கு என்னைவிட அந்த ரப்பர் பெருசு என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். துடைத்துப் பார்த்தால் வட்டின் ஓரத்தில் அழகாக மூன்று வெள்ளைக் கோடுகள். பத்து, ஐந்து, சுழி டிகிரி, பிளக் எந்த நேரத்தில் பொறி விடவேண்டும் என்று காட்டுகிற டைமிங் கோடுகள்! எனக்குத் தலைகால் புரியவில்லை, படம் எடுத்துக் குழுவில் போட்டேன், எல்லாரும் கைதட்டினார்கள். டைமிங் லைட்டைப் பிடித்து நடுக்கோட்டுக்கு வைத்து முடுக்கினேன் பார், சைலன்சரில் ஒரு வெடி! பக்கத்து வயலில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக்கூட்டம் முழுக்க வாய்க்காலைத் தாண்டி ஓடிவிட்டது. வாத்துக்காரர் கம்போடு வந்து, ஏங்க, தீபாவளிக்குத்தான் இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள என்ன என்று சத்தம் போட்டார். திரும்ப முடுக்கினேன், திரும்ப வெடி. குழுவில் கேட்டால் வால்வு என்றார் ஒருவர், கார்புரேட்டர் என்றார் இன்னொருவர். வியாழக்கிழமையும் ஆகிவிட்டது.

கடைசியில் வீரையன் பெரியப்பாவுக்கே போன் போட்டு, மாமா, உங்ககிட்ட அந்த இன்ஜின் ஒழுங்காத்தான ஓடுச்சு, அந்த மூணு கோட்டுல எந்தக் கோட்டுக்கு டைமிங் வைப்பீங்க என்று கேட்டேன். எந்த மூணு கோடு என்றார். வெள்ளையா இருக்கே மாமா என்றேன். அட ஈஸ்வரி, அது விபூதிப்பட்டைம்மா, ஆயுத பூசைக்கு ஆயுத பூசை போட்டா எண்ணெயில அழிஞ்சு போவுதுன்னு ஒரு வருஷம் பெயிண்ட்டாலயே இழுத்துவிட்டேன் என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நான் சாமியின் பட்டைக்கு டைமிங் வைத்திருக்கிறேன்! அர்ஜென்டினா, போலந்து எல்லாம் சேர்ந்து வீரையன் பெரியப்பாவின் பட்டைக்குக் கைதட்டியிருக்கிறது!

பிறகு முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, இளநீர் ஸ்ட்ரா ஒன்றை உள்ளே விட்டு, அப்பாவைக் கெஞ்சிக் கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றச் சொன்னேன். பிஸ்டன் தள்ளத் தள்ள ஸ்ட்ரா ஏறி ஏறி வந்து உச்சியில் நின்றதும் நிறுத்துங்க என்று கத்தினேன். பட்டை எங்கேயோ இருக்கிறது, எதிர்ப்பக்கம் கெட்டியாக அப்பியிருந்த குங்குமத்தைச் சுரண்டினால் அதன் அடியில் நிஜமான டைமிங் வெட்டு! அதற்கு வைத்து முடுக்கினேன். வெடிக்கவில்லை, ஆடவில்லை, தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது கண்ணு. பானெட் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தேன், அது வைத்த இடத்திலேயே நிற்கிறது. அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, கும்பகோணம் வரைக்கும் போவுமா என்றார். நான்தான் ஓட்டினேன். பாபநாசம் தாண்டியதும் அவர் ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட ஆரம்பித்துவிட்டார். பழைய இரும்புக்காரன் வந்து காத்திருந்து, போன் பண்ணியபோது உங்கப்பா, வண்டியா, அது வீட்டு வண்டிப்பா, அதப் போயி யாரு விப்பா என்றாரே பார்க்கலாம்!

பட்டையை நான் அழிக்கவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். கொட்டகையும் இனிக் கரிச்சானுக்குத்தான். மூட்டைகளை எங்கே வைத்தோம் என்று கேட்கிறாயா, உன் அறையில், உன் கட்டில் மேலேயும். ஆகவே நீ வருகிற தேதியை உடனே எழுது, தேதி தெரிந்தால்தான் மூட்டையை நகர்த்துவேன் என்கிறார் உங்கப்பா. திருச்சி விமான நிலையத்துக்குக் கரிச்சானோடு வந்து நிற்போம். போனில் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிற வெடி வீடியோவையும் டம்ளர் வீடியோவையும் உன் சிநேகிதிகள் எல்லாருக்கும் அனுப்பு, பொங்கலுக்கு நம் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டு, ஆறு பேர் ஏறலாம், நெருக்கினால் எட்டு. நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நூறு வயசு இரு.

உன் பதிலுக்கு மூட்டைகளோடு காத்திருக்கும்,
அம்மா ஈஸ்வரி
(அப்பா குணசேகரனும் சொல்லச் சொன்னார்: திரும்பி வரும்போது பாதி தூரம் ஓட்டியது அவர்தானாம்.)