சோடாவும் சொந்தக்கார டாக்டரும்

என் உயிரான அண்ணாவுக்கு,

நம் பெரியப்பா பிழைத்துவிட்டார். சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, வாந்தி எடுக்காத குறையாகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் அவருக்கு நெஞ்சு வலி. சோடா கேட்டாரா? நல்ல நேரம் பார்த்தாரா? உடனே ஆம்புலன்ஸை வரவைத்து, பக்கத்திலேயே இருக்கிற இதய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ரத்தக் குழாயில் அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு ராகிக் களி கேட்கிறார்.

உங்கள் விஷயத்தில் இந்தப் புத்தி எங்கே போயிருந்தது?

அன்றைக்குக் கிணத்துக்கடவு மண்டபத்தில் அவர் பேத்தி கல்யாணம். வாசலில் நின்று வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்று கும்பிட்டுக்கொண்டிருந்த நீங்கள், திடீரென்று தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். இடது கை குடைகிறது என்றீர்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"வாயுப் புடிப்பு கண்ணு. ஒரு சோடா குடிச்சா செரியாப் போயிரும்" என்றார் பெரியப்பா. காரை எடுக்கச் சொன்ன என்னிடம், "தாலி ஏறட்டும் அம்மணி. சபையிலிருந்து பாதில ஆளைத் தூக்கிட்டுப் போனா அபசகுனம்" என்று அடக்கினார். நீங்களோ முகம் வெளிறிப்போய், "என்னால உங்களுக்கெல்லாம் சிரமமுங்க" என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

கெட்டிமேளம் முடிந்த பிறகுதான் உங்களைக் காரில் ஏற்றினார்கள். வழியில் ஒரு பெரிய இதய ஆஸ்பத்திரி வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். பெரியப்பா விடவில்லை.

"இங்க ஆரத் தெரியும்? நம்ம சம்பந்தி பையன் கோயமுத்தூர்ல டாக்டரா இருக்கறான். வண்டிய அங்க உடு."

சம்பந்தி பையன் தோல் டாக்டர். அவன் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்ததுமே கையைப் பிசைந்தான். "ஏனுங்க, வர்ற வழியிலயே ஹார்ட் ஆஸ்பத்திரி இருக்குதுங்களே! இங்க அடைப்பெடுக்கற வசதியே இல்லீங்களே!" வேறு இடத்துக்குக் கொண்டு போகும்போதே நீங்கள் போய்விட்டீர்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "குடுத்து வெச்ச சாவு. படுக்கைல கெடக்காமப் போயிட்டாரு." தூ!

நேற்று பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "உங்கண்ணன் பட்டதைப் பாத்ததாலதான் கண்ணு, நான் தாமசம் பண்ணாமப் போனேன். அவனுக்கு விதி அவ்வளவுதான்." உங்கள் சாவில் அவர் பாடம் படித்துக்கொண்டாராம். பலன் அவருக்கு, விதி உங்களுக்கு. கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். அவர் பிழைத்ததில் எனக்கு வருத்தமா, அண்ணா? அதுகூடச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் மகன் காலேஜுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். அவனிடமும் விதி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை நம்பிக்கொண்டு, பெரிய தாத்தாவுக்கு மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு போகிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குடும்பம் உடைந்துபோகும் என்பார்கள். உடையட்டும். வழியில் அந்த இதய ஆஸ்பத்திரி வாசலை நிறுத்தாமல் தாண்டும்போது அவன் அப்பா உயிரோடு பேசிக்கொண்டுதான் இருந்தார் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

உங்கள் கூடப் பிறந்தவள்,
அம்மணி