மேலே என் படம்

ஏப்ரல் 21

இன்று வாசல் தெளிப்பதற்கு முன்பே குப்பைக் கூடையைக் கிளறினேன். இரண்டு டின். நாப்கின் கவருக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அம்மா எதைப் பிரித்துப் பார்க்கமாட்டாள் என்று என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது.

பதினாறு வயதில் நெஞ்சு படபடக்கிறதென்று போன வாரம் இ.சி.ஜி. எடுத்தோம். "எனர்ஜி டிரிங்க் குடிக்கிறியாம்மா?" என்று டாக்டர் கேட்டதும் அபி என்னைப் பார்த்தாள். நீட் கோச்சிங்கில் எல்லாரும் குடிக்கிறார்களாம், தூக்கம் வராமலிருக்க.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். காஃபீனின் வாய்பாட்டைப் பார்க்காமல் எழுதுவேன். வீட்டில் அது நாளுக்கு மூன்று டின் இறங்கியது தெரியவில்லை.

ஏப்ரல் 22

ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி தாங்கமாட்டாள், குறைத்துக்கொண்டே வாருங்கள் என்றார் டாக்டர். நானே கடையில் வாங்கி எவர்சில்வர் டம்ளரில் அளந்து கொடுக்கிறேன்.

"சரக்கு ஊத்துற மாதிரியே ஊத்துறியேமா."

சிரித்துவிட்டேன். பிறகு, சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சல்.

ஏப்ரல் 29

அரை டின்னுக்கு வந்துவிட்டோம். தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரு கூல் டிரிங்சுக்கு ஆத்தாளும் பொண்ணும் என்னா சீன் போடுறீங்க."

கட்சிக்காரருக்குக் கவலை வேறு. உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்குப் போய்விட்டது. அதனால் நான் நிற்க வேண்டும். நிற்பது நான், நடப்பது அவர். விருப்ப மனு அலமாரியில் இருக்கிறது. "நீ கையெழுத்து மட்டும் போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சரி என்றேன். எதற்குச் சொன்னேன்? தைலம் தேடிக்கொண்டிருந்தேன் – அதனால் என்று வைத்துக்கொள்ளலாம்.

மே 6

ஒரு சொட்டுகூட இல்லாத முதல் நாள்.

மே 10

ஐந்தாம் நாள். தானாகவே மோர் கேட்டுக் குடித்தாள். பாராட்டினால் கெட்டுவிடுமோ என்று பயம்.

மே 12

நாளை கருட சேவை. வருடாவருடம் போல அவர் பெயரில் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல். அபியும் நிற்க வேண்டுமாம், குடும்பமாய் நின்றால் ஜனங்கள் பார்ப்பார்களாம். தயிருக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். "அதெல்லாம் கலியாணசுந்தரம் பாத்துக்கினாரு." கட்சியில் இவருக்கு மேலே இருப்பவர்.

மே 13

பெருமாள் எங்கள் பக்கம் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பந்தலில் மோர்ப் பானை இல்லை. ஐஸ் பெட்டிகள். பெட்டி நிறைய அதே டின். யாரோ ஏஜென்சிக்காரர் இலவசமாக இறக்கியிருக்கிறார். மேலே பேனர். டின்னின் படம், பக்கத்தில், பட்டுப்புடவையில் கைகூப்பியபடி நான்.

"இந்தக் காலத்துல யாரும்மா மோரு குடிக்கிறான்?" என்றார் கலியாணசுந்தரம். "புது ஓட்டெல்லாம் பசங்களுது."

திரும்பினேன். அபி குடித்துக்கொண்டிருந்தாள். ஒளித்துக்கூட இல்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் அண்ணாந்து பேனரைப் பார்த்தாள்.

"நீதானேமா குடுத்துக்கினு இருக்குற."

கை ஓங்கினேன். ஓங்கிய கைக்குக் கீழே வரிசையிலிருந்த ஒருவன் கையை நீட்டினான். "யக்கா, இங்க ஒண்ணு."

மே 14

என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்று அழலாம். பொய். மார்ச்சிலேயே அந்தப் படத்தைத் தேடியெடுத்து அவருக்கு அனுப்பியவள் நான். "நல்லா வந்திருக்குதா?" என்றுகூடக் கேட்டேன். அது எங்கே போகும் என்று மட்டும் கேட்கவில்லை.

சாயங்காலம் அபி டம்ளரைக் கழுவி எடுத்துவந்தாள். "மறுபடியும் அரையிலேந்தா, காலிலேந்தாமா?" கண்கள் வீங்கியிருந்தன. ஒரு டின்தானே, கணக்கில் வேண்டாம் என்றேன். "நேத்து மூணு குடிச்சேன்மா."

மே 15

நாளை வெள்ளி. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் கையெழுத்து வேண்டுமாம். ஒன்பது மணிக்குக் கலியாணசுந்தரம் வருகிறார், நாலு பேருக்கு டிபன் செய்யச் சொல்லியிருக்கிறார் இவர்.

மாவு அரைத்து வைத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளட்டும்.

மாகறலுக்குக் காலை ஏழு மணி பஸ். அங்கே என் அக்கா வடிவாம்பாள் வீட்டுப் பக்கத்துக் கடையில் பன்னீர் சோடா மட்டும்தான் கிடைக்கும். அபியின் துணிகளை என் பள்ளிப் பையில் வைத்திருக்கிறேன், அந்த டம்ளரையும். மனு அலமாரியிலேயே இருக்கும், கையெழுத்து இடம் காலியாக.

அபியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.